யுத்தப் புத்தகங்கள் எழுதாமல் விட்ட அத்தியாயங்கள்

எங்கள் நாட்டு யுத்தத்தைப் பற்றி இதுவரை வந்த நூல்களை அடுக்கினால் ஓர் அலுமாரி நிரம்பிவிடும். ஓய்வுபெற்ற தளபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஊடகவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இயக்கத்தில் இருந்தவர்களும் எழுதியிருக்கிறார்கள். மேஜர் ஜெனரல் கமல் குணரத்னவின் நந்திக்கடல் நூலும், தமிழினியின் 'ஒரு கூர்வாளின் நிழலில்' நூலும் ஒரே வருடத்தில், 2016இல், வெளிவந்தன. எல்லாம் வாசிக்க வேண்டிய நூல்கள்தான்.

ஆனால் அந்த அலுமாரியின் பெரும்பகுதி ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறது. எந்தப் படையணி, எந்தத் திகதியில், யாருடைய கட்டளையில், எந்த முகாமைப் பிடித்தது? ரிவிரெச, ஜயசிக்குறு, ஓயாத அலைகள் என்று பெயர்கள். வரைபடங்கள். அதன் மேல் சிவப்பிலும் நீலத்திலும் அம்புக்குறிகள்.

தரம் 11 வரலாற்றில் இரண்டு உலக யுத்தங்களையும் படிப்பிக்கிறோம். எங்கள் சொந்த யுத்தத்துக்கு அப்படி ஓர் அத்தியாயம் இல்லை. பதுங்குகுழிச் சண்டை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் கேட்டார்: "சேர், எங்கட நாட்டுச் சண்டையிலயும் இப்படி பங்கர் இருந்ததா?" அந்தப் பிள்ளை யுத்தம் முடிந்த பிறகு பிறந்தவர். அவருடைய உம்மாவோ சின்ன வயதில் பங்கருக்குள் ஒளிந்திருந்தவர். வீட்டில் யாரும் சொல்லவில்லை. புத்தகத்திலும் இல்லை.

அதனால்தான் இந்தப் பதிவு. கீழே நான் சொல்லப்போகும் விடயங்களைப் 'பொதுமக்களின் துன்பம்' என்று தலைப்பிட்டு கடைசியில் இரண்டு பக்கம் ஒதுக்குவது வழக்கம். அது போதாது. இவை இராணுவ வரலாற்றுக்குள்ளேயே வரவேண்டியவை. ஏனென்றால் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தவற்றில் இவையும் இருந்தன.

01. தண்ணீர்

2000 ஏப்ரல் 22ஆம் திகதி ஆனையிறவு முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1991இல் பெரும் முற்றுகையைத் தாங்கிய முகாம் அது. அந்த முறை வெற்றிலைக்கேணிக் கரையில் கடல்வழியாகப் படைகளை இறக்கி அதைக் காப்பாற்றினார்கள். 2000இல் ஏன் முடியவில்லை?

பீரங்கிகளைப் பற்றி நூல்கள் எழுதுகின்றன. அது சரிதான். ஆனால் அந்த மண்ணைப் பாருங்கள். ஆனையிறவு உப்பளத்துப் பூமி. தோண்டினால் உப்புத்தண்ணீர்தான் வரும். முகாமுக்குக் குடிநீர் வடக்கே இருந்த இயக்கச்சிப் பக்கத்துக் கிணறுகளில் இருந்து வரவேண்டும். புலிகள் இயக்கச்சியைப் பிடித்தார்கள். ஏப்ரல் மாத வெயில். உள்ளே ஆயிரக்கணக்கான படையினர். அதற்குப் பிறகு முகாமை வைத்திருக்க வழியில்லை. எஞ்சியவர்கள் கிளாலிப் பக்கமாகப் பின்வாங்கினார்கள்.

ஆறு வருடங்கள் கழித்து, 2006 ஜூலையில், திருகோணமலை மாவட்டத்தில் மாவிலாறு அணைக்கதவைப் புலிகள் மூடினார்கள். கீழ்ப்பக்கத்தில் இருந்த ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களின் வயலுக்குத் தண்ணீர் நின்றது. சிங்களவர், முஸ்லிம்கள், தமிழர் என்று மூன்று சமூகமும் அந்தத் தண்ணீரை நம்பி வாழ்ந்தவர்கள். அணைக்கதவைத் திறக்க இராணுவம் போனது. ஆகஸ்ட் தொடக்கத்தில் சண்டை மூதூருக்குள் வந்தது. மூதூர் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் நடந்தே கந்தளாய்க்கு வந்து சேர்ந்தார்கள். நான்காம் கட்ட யுத்தம் முழு அளவில் தொடங்கியது அந்த வாய்க்காலில் இருந்துதான்.

மிகப்பெரிய முகாம் ஒன்றின் வீழ்ச்சியிலும் கடைசிக் கட்ட யுத்தத்தின் தொடக்கத்திலும் தண்ணீர் நிற்கிறது. எந்தக் கிணறு நல்ல தண்ணீர், எது சவர், எந்த மாதத்தில் எது வற்றும் என்று அந்தந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். அந்த அறிவோடு ஒரு யுத்த வரைபடத்தை இன்னும் யாரும் கீறவில்லை.

02. பற்றரியும் சவர்க்காரமும்

1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கிய பின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து, இரும்பு, பசளை, பற்றரி, சவர்க்காரம். சில பொருட்கள் முற்றாகத் தடை. சில அளந்து அனுப்பப்பட்டன. இடைக்கிடை தளர்த்தினார்கள், திரும்ப இறுக்கினார்கள். வடக்கின் ஏதாவது ஒரு பகுதியில் இது 2002 வரை நீடித்தது.

பற்றரிக்கு ஏன் தடை? புலிகள் செய்த 'ஜொனி' மிதிவெடிக்குச் சின்னப் பற்றரி தேவை. பசளையில் வெடிமருந்து செய்யலாம். சீமெந்தில் பதுங்குகுழி கட்டலாம். இது அரசின் கணக்கு. அந்தக் கணக்கை ஒளிக்காமல் எழுத வேண்டும். அதே பக்கத்தில் அடுத்த கேள்வியையும் எழுத வேண்டும்: அந்தத் தடையால் மிதிவெடிகள் நின்றனவா?

நிற்கவில்லை. எத்தனை இலட்சம் மிதிவெடிகளைப் பிறகு தோண்டி எடுக்க வேண்டியிருந்தது என்பதே அதற்குச் சாட்சி. மாறாக யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் வைத்து விளக்கு எரித்தார்கள். அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். கோடு போட்ட கொப்பித் தாளில் பத்திரிகை அச்சானது.

இவற்றை மக்களின் கெட்டித்தனம் என்று மெச்சிவிட்டுப் போவது இலகு. இராணுவ வரலாற்றாசிரியர் கேட்க வேண்டியது வேறு. தடையால் ஒரு சவர்க்காரக் கட்டியின் விலை எத்தனை மடங்கானது? அந்த இலாபம் யாருக்குப் போனது? சாவடியில் கண்ணை மூடிக்கொண்டவர் யார்? அந்தப் பொருளுக்கு வரி வாங்கிய இயக்கம் அந்தப் பணத்தில் என்ன செய்தது? தடை எதிரியைப் பலவீனப்படுத்தியதா, அல்லது எதிரியின் கையில் மக்களை இன்னும் இறுக்கமாக ஒப்படைத்ததா? இந்தக் கேள்விக்கு விலைப்பட்டியலோடு பதில் சொல்லும் நூல் ஒன்று வரவேண்டும். 1990களில் கடை வைத்திருந்தவர்களின் கணக்குக் கொப்பிகள் எங்காவது பரணில் இருந்தால், அது ஒரு தளபதியின் நினைவுக்குறிப்புக்குச் சமமான ஆவணம்.

03. பாதைகள்

ஆனையிறவும் பூநகரியும் இராணுவத்திடம் இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்து மக்கள் வெளியே வர ஒரே வழி கிளாலிக் கடல்நீரேரி. இரவில், வெளிச்சம் இல்லாமல், வள்ளங்களில். 1993 ஜனவரியில் அந்த நீரேரியில் வைத்துப் பொதுமக்கள் பலர் கடற்படையால் கொல்லப்பட்டார்கள். ஆனாலும் பயணம் நிற்கவில்லை. ஓட்டி யார், கட்டணம் என்ன, எந்த நிலவில் போகலாம், எந்த நிலவில் கூடாது என்று ஒரு முழுப் போக்குவரத்து அமைப்பே அங்கே இயங்கியது.

2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்ட பிறகு குடாநாட்டில் இருந்த இலட்சக்கணக்கானோரின் அரிசியும் மாவும் கப்பலை நம்பி இருந்தன. படையினருக்கும் அதே கடல்தான். கடைசிக் கட்டத்தில், 2009 பெப்ரவரியில் இருந்து மே வரை, செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு நோயாளிகளும் காயப்பட்டவர்களும் கூடவந்த உறவினருமாகச் சுமார் 14,000 பேரைக் கடல்வழியாக வெளியே எடுத்தது. ஒரு சோறு எந்தப் பாதையால் வந்தது, ஒரு காயப்பட்டவர் எந்தப் பாதையால் போனார் என்று எழுதினால் யுத்தத்தின் பாதி விளங்கிவிடும்.

04. ஓடியவர்களும் பிடிக்கப்பட்டவர்களும்

வீரர்களைப் பற்றி எழுதுகிறோம். தப்பியோடியவர்களைப் பற்றி எழுதுவதில்லை. அரச படையில் இருந்து விலகி ஓடியவர்கள் பல்லாயிரம் பேர். அரசு திரும்பத் திரும்பப் பொதுமன்னிப்பு அறிவித்து அவர்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. பெரும்பாலும் வறுமையான சிங்களக் கிராமத்து இளைஞர்கள். அவர்கள் ஏன் சேர்ந்தார்கள், எந்த நாளில் 'இனிப் போதும்' என்று முடிவெடுத்தார்கள், ஓடியபின் எங்கே ஒளிந்து வாழ்ந்தார்கள்? இது தெரியாமல் 1990களின் தோல்விகளும் விளங்காது, 2005க்குப் பிறகு இராணுவம் ஏறத்தாழ இரண்டு மடங்கானதன் அர்த்தமும் விளங்காது.

மறுபக்கத்தில் வன்னியில் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்தார்கள். பிடியில் இருந்து தப்பப் பதினாறு, பதினேழு வயதில் கல்யாணம் செய்துவைத்தார்கள். சமாதான காலத்தில் இருந்து யுனிசெவ் பதிவுசெய்த சிறுவர் சேர்ப்பு மட்டும் 6,000க்கு மேல். எந்தப் படையணி நூலிலும் இவர்கள் 'போராளிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடுகிறார்கள்.

05. மொழி

சிங்களம் மட்டும் தெரிந்த ஒரு படை தமிழ் மட்டும் தெரிந்த ஊர்களில் வருடக்கணக்கில் நின்றது. சாவடியில் ஒரு வார்த்தை பிழையாக விளங்கினால் ஓர் ஆள் காணாமல் போவார். விசாரணையில் பெயர்த்துச் சொல்பவரின் கையில் ஓர் உயிர். ஆனாலும் மொழிபெயர்ப்பாளர்கள் பற்றி எங்கள் யுத்த நூல்களில் தனி அத்தியாயம் கிடையாது.

இரண்டு மொழியும் தெரிந்த முஸ்லிம், மலாய் அதிகாரிகள் புலனாய்வுத்துறையில் முக்கிய இடத்தில் இருந்தார்கள். கேர்ணல் துவான் நிசாம் முத்தலிப் 2005 மே 31ஆம் திகதி கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒருவரின் மொழியறிவே அவருடைய ஆயுதமாகி, அவர் இலக்காகவும் காரணமாகிறது. சாதாரண முஸ்லிம் வியாபாரியும் இதே சந்தேகத்தைச் சுமந்துதான் திரிந்தார். இராணுவத்துக்கு அவர் தமிழ் பேசுபவர். இயக்கத்துக்கு அவர் இராணுவத்தோடு பேசக்கூடியவர்.

06. ஊர்காவல் படை

இது எங்கள் சமூகம் பேசத் தயங்கும் அத்தியாயம். அதனால்தான் கொஞ்சம் நின்று எழுதுகிறேன்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிகளில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூறு பேருக்கு மேல். ஒரு வாரம் கழித்து ஏறாவூரில் அதேபோல நூறு பேருக்கு மேல், பெண்களும் பிள்ளைகளுமாக. காத்தான்குடியில் ஒவ்வொரு வருடமும் அந்த நாளை ஷுஹதாக்கள் தினமாக நினைவுகூருகிறோம். நினைவுகூரத்தான் வேண்டும்.

அதன் பிறகு கிழக்கிலும் எல்லைக் கிராமங்களிலும் முஸ்லிம் இளைஞர்கள் பெருமளவில் ஊர்காவல் படையில் சேர்ந்தார்கள். கொஞ்ச நாள் பயிற்சி, கையில் ஒரு துப்பாக்கி, சொற்ப சம்பளம். இரவில் ஊர் எல்லையில் காவல். பலர் அந்தக் காவலரணிலேயே கொல்லப்பட்டார்கள். அவர்களுக்குத் தூபி இல்லை, அவர்களைப் பற்றி நூலும் இல்லை. 2006இல் அந்தப் படை சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. அதற்கு முன்னால் இறந்தவர்களின் கதை அவரவர் வீட்டுச் சுவரில் தொங்கும் படத்தோடு நின்றுவிட்டது.

ஆனால் இந்த அத்தியாயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1992 ஏப்ரல் 29ஆம் திகதி பொலன்னறுவை மாவட்டத்தில் அழிஞ்சிப்பொத்தானை என்ற முஸ்லிம் கிராமத்தில் புலிகள் ஐம்பது பேருக்கு மேல் கொன்றார்கள். அதற்குப் பழிவாங்கலாக அருகில் இருந்த முத்துக்கல், கறப்பளை ஆகிய தமிழ்க் கிராமங்களில் ஐம்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் முஸ்லிம் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். முதல் வரியை மட்டும் எழுதும் முஸ்லிம் வரலாறும், இரண்டாம் வரியை மட்டும் எழுதும் தமிழ் வரலாறும் அரை வரலாறுகள். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால்தான் பிள்ளைக்கு விளங்கும்.

இராணுவ வரலாற்றுக்கு இதில் ஒரு பெரிய கேள்வி இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஓர் ஊருக்கு மட்டும் ஆயுதம் கொடுத்தால் என்ன நடக்கும்? மலாயாவில் பிரித்தானியர் ஊர்காவல் படை அமைத்தார்கள். அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரர்கள் உள்ளூர் முஸ்லிம்களைத் தமது பக்கம் சேர்த்து ஆயுதம் கொடுத்தார்கள். போகும்போது பெரும்பாலானோரைக் கைவிட்டுப் போனார்கள். இந்த வரிசையில் எங்கள் கிழக்கை வைத்து ஆராய்ந்தால், சந்தையில் மரக்கறியும் மீனும் மாற்றிக்கொண்ட இரண்டு ஊர்கள் எப்படி இரண்டு காவலரண்களாக மாறின என்று காட்டலாம்.

07. பெயர் இல்லாத நடவடிக்கை

1990 ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரியில் தொடங்கியது. மன்னார், வவுனியாவின் பகுதிகள், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று பரவியது. 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரம். ஒலிபெருக்கியில் அறிவித்து, சோனகதெருவில் இருந்தவர்களை மைதானத்தில் கூட்டி, இரண்டு மணித்தியால அவகாசம் கொடுத்தார்கள். ஆளுக்கு 500 ரூபா வரை. சில இடங்களில் அதையும் விடக் குறைவு. பெண்களின் காதில் கழுத்தில் இருந்ததும் கழற்றப்பட்டது. மன்னார்த் தீவு மக்கள் வள்ளங்களில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். மொத்தம் சுமார் 75,000 பேர்.

இதை நாங்கள் ஒவ்வொரு ஒக்டோபரிலும் கண்ணீரோடு நினைக்கிறோம். நான் சொல்ல வருவது வேறு. ஒரு படை ஏறத்தாழ இரண்டே வாரத்தில் ஐந்து மாவட்டங்களில் 75,000 பேரை அகற்றியது. எந்த இராணுவத்தின் அளவுகோலிலும் இது மிகப்பெரிய நடவடிக்கை. ஆனாலும் நடவடிக்கைகளின் பட்டியலில் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. முகாம் தாக்குதல் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தவர்கள் இதற்குப் பெயர் வைக்கவில்லை. தெற்கில் வந்த யுத்த நூல்களிலும் பெரும்பாலும் ஒரு பந்தியோடு கடந்து போகிறார்கள்.

கட்டளை எங்கே பிறந்தது? ஐந்து மாவட்டத்துக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? ஏன் இடத்துக்கு இடம் அவகாசமும் பணமும் வேறுபட்டன? எந்த அணிகள் நிறைவேற்றின? கட்டளைக்கு மறுத்த போராளி யாரும் இருந்தாரா? கைவிடப்பட்ட வீடுகளும் லொறிகளும் கடைச் சரக்குகளும் யுத்தத்துக்கு எப்படிப் பயன்பட்டன? அரச படைகளுக்கு எப்போது தெரிந்தது, என்ன செய்தார்கள்? மக்கள் ஆணைக்குழு ஒன்று சாட்சியங்களைத் திரட்டி 2011இல் அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கை தொடங்கிவைத்ததை இராணுவ வரலாற்றாசிரியர்கள் கையில் எடுக்கவில்லை.

08. யுத்தம் முடிந்த பிறகும் நிலத்தில் கிடப்பது

2009 மே மாதத்தோடு நூல்கள் முடிகின்றன. நிலத்தில் அது முடியவில்லை. முகமாலையில் வருடக்கணக்காக முன்னரங்கு இருந்த இடம் நாட்டிலேயே மிக மோசமான மிதிவெடி நிலங்களில் ஒன்று. இலங்கை ஒட்டாவா சாசனத்தில் இணைந்தது 2017 டிசெம்பரில்தான். முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைத் தட்டுபவர்களில் கணிசமானோர் பெண்கள். அவர்களிலும் பலர் யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள். புதைத்தவர்களின் பெயர்கள் நூலில் இருக்கின்றன. எடுப்பவர்களின் பெயர்கள் இல்லை.

மிதிவெடி மட்டுமல்ல, காடும் யுத்தத்தின் மிச்சம்தான். முசலிப் பக்கத்து மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டபோது விட்டுப்போன ஊர்களில் இருபது வருடத்தில் மரம் வளர்ந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வர்த்தமானி மூலம் ஒதுக்குக்காடு ஆனது. திரும்பி வந்தவர்கள் 'காட்டை அழிப்பவர்கள்' ஆனார்கள். ஒரு வெளியேற்றம், இருபது வருட மழை, ஒரு வர்த்தமானி. இந்த மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் அந்தப் பிரச்சினையின் தலையும் புரியாது, வாலும் புரியாது.

சரி, இதை யார் எழுதுவது?

தளபதிகள் எழுத மாட்டார்கள். அவர்களுக்கு அவர்களுடைய கதை இருக்கிறது. பல்கலைக்கழகங்கள் எழுதலாம், ஆனால் காலம் காத்திருக்காது. 1990இல் நாற்பது வயதில் இருந்தவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். எத்தனையோ பேரை ஏற்கனவே மையவாடியில் அடக்கிவிட்டோம்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் மூத்த மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வீட்டில், தெருவில், பள்ளி முற்றத்தில் இருக்கும் ஒரு மூத்தவரிடம் உட்காருங்கள். "கஷ்டப்பட்டீங்களா?" என்று கேட்காதீர்கள். ஓம் என்பார், கண் கலங்குவார், கதை முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். தண்ணீர் எங்கே அள்ளினீர்கள்? ஒரு போத்தல் மண்ணெண்ணெய் என்ன விலை? பாஸ் யாரிடம் எடுத்தீர்கள்? வெளிக்கிடும்போது எதைக் கையில் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள்? வழியில் யார் தண்ணீர் தந்தார்கள்? காவலுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள், யாரோடு போனீர்கள்? திகதி ஞாபகம் இல்லை என்றால் நோன்புக்கு முந்தியா பிந்தியா, மாரி மழைக்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். திகதி தானாக வரும்.

சிங்கள நண்பர் இருந்தால் அவருடைய ஊரில் திரும்பி வராத இளைஞரைப் பற்றி, தப்பி வந்து ஒளிந்திருந்தவரைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். தமிழ் நண்பரிடம் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றியும், பிடித்துக்கொண்டு போன பிள்ளையைப் பற்றியும் கேளுங்கள். அவர்கள் முத்துக்கல்லைப் பற்றிச் சொன்னால் இடையில் புகுந்து காத்தான்குடியைச் சொல்லாதீர்கள். முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். பிறகு உங்களுடையதைச் சொல்லுங்கள்.

எழுதி, சொன்னவரின் விருப்பத்தைக் கேட்டு, ஊர் நூலகத்தில் ஒரு பிரதியும் பாடசாலையில் ஒரு பிரதியும் வையுங்கள். பெயரைப் போட விருப்பம் இல்லாதவர்களின் பெயரைப் போட வேண்டாம். ஊரும் வருடமும் போதும்.

உங்கள் வீட்டில் யாரிடமாவது இப்படி ஒரு விலை, ஒரு கிணறு, ஒரு பாதை நினைவில் இருந்தால் கீழே எழுதுங்கள். ஒரு வரியாக இருந்தாலும் பரவாயில்லை.